மறு: ‘கோ-ஆப்’ வீட்டுக்குத் தமிழில் என்ன சொல்? – ‘பங்குக்குடி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நியூயார்க் வீட்டுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் நான் முன்வைத்த ‘பங்குக்குடி’ முதலிய சொற்களைப் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இது மறுமொழி. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நியூயார்க்கில் ‘கோ-ஆப்’ என்றால் வீட்டை வாங்காமல், கட்டடத்தை வைத்திருக்கும் நிறுமத்தில் (கம்பெனியில்) பங்கு வாங்கிக் குடியிருக்கும் முறை.

> கோ-ஆப் அபார்ட்மென்ட் என்றால் கூட்டுறவு அடுக்ககம். நேரான சொல் கையில் இருக்கும்போது எதற்குப் புதுச்சொல்?

ஐயா, அந்தச் சொல்லைப் போட்டால் படிப்பவர் மனத்தில் தப்பான படம் விழும் என்பதுதான் என் கவலை. கூட்டுறவு என்றதும் நமக்கு ரேஷன் கடை, பால் சங்கம், நகைக்கடன் தரும் வேளாண்மைச் சங்கம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு. நியூயார்க் பார்க் அவென்யூ கோ-ஆப்பில் பெரும்பாலும் பங்குக்கு ஒரு ஓட்டு. இந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை பதிவாகியிருப்பதும் அந்த மாநிலத்தின் வணிக நிறுமச் சட்டத்தின்கீழ்தான். கூட்டுறவுச் சட்டம் அங்கே தனியாக இருந்தும் அதன்கீழ் வரவில்லை.

நான் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட இடத்தைச் சொல்கிறேன். மன்ஹாட்டனில் அப்பர் வெஸ்ட் சைடு, வெஸ்ட் எண்ட் அவென்யூ. என்னோடு வேலைபார்த்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் வீட்டுக்குப் போன குளிர்காலத்தில் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் கூடம் இல்லை, முதலில் ஒரு முன்னறை. அதைத் தாண்டித்தான் மற்ற அறைகள். உயரமான கூரை, மீன்முள் போலக் கோத்த ஓக் மரத்தரை, சன்னலுக்கடியில் உஸ் என்று மூச்சுவிடும் ரேடியேட்டர். சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடும் சிற்றறை. வேலைக்காரப் பெண் தங்குவதற்கென்று அன்று கட்டியது. இப்போது அம்மையார் அதில் புத்தகம் வைத்திருக்கிறார்.

“பத்திரம் உங்கள் பேரில்தானே?” என்று நம்மூர் வழக்கப்படி கேட்டேன். “பத்திரமே கிடையாது” என்று சொல்லி இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினார். ஒன்று, கட்டடத்துக்குச் சொந்தமான நிறுமத்தில் அவருக்கு இத்தனை பங்கு என்ற சான்றிதழ். மற்றது, அந்தப் பங்குகளை வைத்திருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம் என்ற குத்தகை. விஷயம் முழுவதும் அந்த இரண்டு தாளில் அடக்கம். வீடு நிறுமத்துடையது. பங்கு இவருடையது. பங்குக்காரர் என்ற முறையில் இவரும் ஒரு முதலாளி, குத்தகைதாரர் என்ற முறையில் இவரே குடி. சட்டப்படி இது அசையாச் சொத்தில் சேராது. வங்கிக் கடனுக்கு ஈடாக வைப்பதும் பங்குகளைத்தான்.

அதனால்தான் ‘பங்குக்குடி’ என்று முன்வைக்கிறேன். ‘குடி’ நமக்கு நன்றாகப் பழகிய சொல். குடிக்கூலி, குடிவாரம், குடியானவர் எல்லாவற்றிலும் நிலம் அல்லது வீடு வேறொருவர் கையில், அனுபவம் இவர் கையில் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பங்கு வாங்கிக் குடியானவர் பங்குக்குடி. அவர்கள் இருக்கும் கட்டடம் பங்குக்குடியிருப்பு. கையெழுத்திடும் குத்தகை பங்குவழிக் குத்தகை.

> மும்பையில் எங்கள் சொசைட்டியிலும் பங்குச் சான்றிதழ் உண்டே. அதைக் கூட்டுறவு என்றுதானே சொல்கிறோம்?

உண்டு. ஆனால் மும்பையில் பொதுவாக வீடு சிறியதோ பெரியதோ, உறுப்பினருக்கு ஐம்பது ரூபாய்ப் பங்கு ஐந்தோ பத்தோ. அது உறுப்பினர் அடையாளம். நியூயார்க்கில் வீட்டின் பரப்பு, மாடி, காட்சி எல்லாம் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். எடுத்துக்காட்டாக, மேல்மாடி வீட்டுக்கு 600 பங்கு என்றால் கீழ்த்தளத்துச் சிறு வீட்டுக்கு 250 இருக்கலாம். மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகையும் அந்தக் கணக்கில்தான். கட்டடத்தின் மேலுள்ள அடமானக் கடன், சொத்துவரி, வெந்நீர், வாயிற்காவலர் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

வரலாறும் என் பக்கம் நிற்கிறது. பிலிப் ஹூபர்ட் என்ற கட்டடக் கலைஞர் 1880களில் வசதியானவர்களுக்காக இந்த முறையைக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘ஹோம் கிளப்’. பின்லாந்துத் தொழிலாளர்கள் புரூக்ளின் சன்செட் பார்க்கில் 1916இல் தாங்களே சேர்ந்து கட்டிய ‘அல்கு’ வேறு வகை. அதில் லாபநோக்கு கிடையாது. அதைக் கூட்டுறவுக் குடியிருப்பு என்றால் முழுக்கப் பொருந்தும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. நாமும் அப்படியே அடைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்று. 1990இல் ஒன் ஃபிஃப்த் அவென்யூ என்ற கோ-ஆப் கட்டடத்தின் வழக்கில், நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அங்கே குடியிருந்த ஒருவர் தம் சமையலறையைப் புதுப்பிக்கும்போது நீராவிக் குழாயை இடம் மாற்றப் பார்த்தார். கட்டட நிறுமத்தின் இயக்குநர் குழு கூடாது என்றது. நீதிமன்றமும் குழுவின் பக்கமே நின்றது. தன் சமையலறைக்குள் ஓடும் குழாய்மேல் கைவைக்க முடியாதவரை ‘வீட்டு உரிமையாளர்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதினால் பொருந்துமா? வாங்க வருபவரை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பவும் அந்தக் குழுவால் முடியும். இனம், மதம் போல சட்டம் தடுத்த காரணங்களுக்காக மட்டும் மறுக்கக் கூடாது.

தொண்டை மண்டலத்தில் முன்பு இருந்த மிராசு முறையில் (ஊர் நிலத்தில் பரம்பரையாக வரும் பங்குரிமை) இதற்கு ஒரு தாயாதி இருப்பதையும் சொல்லத் தோன்றுகிறது. ஊர் நிலத்தைப் பொதுவில் வைத்துப் பங்குப்படி அவ்வப்போது மாற்றிப் பயிரிட்டால் பசுங்கரை. ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. கோ-ஆப் பசுங்கரையின் பக்கம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரம் உள்ள காண்டோ அறுதிக்கரையின் பக்கம். (காண்டோவுக்கு நியூயார்க்கில் சட்டம் வந்ததே 1964இல்தான். பழைய கட்டடங்களில் கோ-ஆப் மிகுந்திருப்பதற்கு அது ஒரு காரணம்.) ‘பசுங்கரை வீடு’ என்றே வைத்துவிடலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். எனக்கு ஆசைதான். ஆனால் படிப்பவர் அகராதியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

> ‘பிரீ-வார்’ என்பதைப் ‘போருக்கு முந்தைய’ என்று போட்டால் எங்கட ஆக்கள் வேற போரைத்தான் நினைப்பினம்.

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்தில் ‘போருக்கு முந்தின வீடு’ என்றால் அதில் இருந்தவர்களின் முகம் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை இதற்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை. நியூயார்க்கில் ‘பிரீ-வார்’ என்பது இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியதைக் குறித்தாலும், வீட்டு விளம்பரத்தில் ஆண்டைவிடத் தரத்தைத்தான் சொல்கிறது: தடித்த சுவர், ஓசை புகாத அறை, 1920களில் ரொசாரியோ கண்டேலா போன்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த விசாலமான அமைப்பு. இரண்டு கட்டு, மூன்று கட்டு வீடு என்று சொல்லிப் பழகிய நமக்குப் ‘பழங்கட்டு’ போதும் என நினைக்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “1884இல் முடிந்த பழங்கட்டான டகோட்டா கட்டடம், 1961இல் பங்குக்குடியிருப்பாக மாறியது.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?

பழங்கட்டு வீடுகளில் வரும் ‘கிளாசிக் சிக்ஸ்’ அமைப்புக்கு ‘ஆறறை வீடு’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கூடம், உணவறை, சமையலறை, இரண்டு படுக்கையறை, வேலைக்காரப் பெண்ணுக்கான அந்தச் சிற்றறை என்று எண்ணிக்கை சரி. குளியலறை கணக்கில் சேராது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பலர் காதில் ஆறரை என்றே விழும். ‘அறுவறை வீடு’ என்றால் அந்தக் குழப்பம் வராது.

மீதி ஒன்று இருக்கிறது. பங்குக்குடி ஒருவர் விற்றுவிட்டுப் போகும்போது கட்டடத்துக்குக் கட்டும் ‘ஃபிளிப் டாக்ஸ்’. பெயரில்தான் வரி, அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘கைமாற்றுக் கட்டணம்’ என்று எழுதிப் பார்த்தேன், கைமாற்று நமக்குக் கடனாயிற்றே என்று அடித்துவிட்டேன். ‘பங்குமாற்றுக் கட்டணம்’ ஓரளவு தேறுகிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்