மருந்து கம்பெனிப் பக்கம் போன டாக்டர்களே, பயிற்சியில் உங்களுக்கு மறக்காத நாள் எது?

கூடலூர் எம்.பி.பி.எஸ்.

எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடமாக இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பெங்களூரில் ஒரு மருந்து நிறுவனத்தில் டிரக் சேஃப்டி (மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும்) பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் பயிற்சி. வீட்டில் அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. "ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி வைக்கவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. பாடத்திட்டத்தை நானே தேடிப் படித்துக்கொள்வேன். இந்தப் பாதையில் போன சீனியர்கள், பயிற்சியின்போது உங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கோத்தகிரி பழைய மெடிக்கல் ஆபீசர்

தம்பி, நான் பதினோரு வருடமாக இதே டிரக் சேஃப்டியில்தான் இருக்கிறேன். அதற்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு வருடம்.

முதல் வாரம் முழுக்கப் படிவம், படிவம், படிவம்தான். ஒரு பக்கவிளைவுப் புகார் செல்லுபடியாக நான்கு விஷயம் வேண்டும்: அடையாளம் தெரிந்த நோயாளி, தகவல் சொன்னவர், சந்தேகப்படும் மருந்து, நடந்த பாதிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போன, எதிர்பாராத பாதிப்பு என்றால் 15 நாளுக்குள் அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். நிறுவனத்தில் யாராவது ஒருவர் காதில் அது முதலில் விழுந்த தேதிதான் அந்த நாள் கணக்கு தொடங்கும் 'டே ஜீரோ'. உண்மையைச் சொன்னால், இது குமாஸ்தா வேலை என்று நினைத்து மனசு விட்டுப் போயிருந்தேன்.

இரண்டாவது வாரம் பயிற்சியாளர் ஒரு மாதிரிக் கேஸ் கொடுத்தார். 58 வயதுப் பெண், ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், மூன்று மாதமாக வறட்டு இருமல். படித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். அதே ஆள் இல்லை, ஆனால் தெரியும். எங்கள் சுகாதார நிலையத்துக்கு மாதா மாதம் பி.பி. மாத்திரை வாங்க வருவார். கம்பளிச் சால்வையால் வாயை மூடிக்கொண்டு இருமுவார். மலையில் மார்கழியில் இருமாதவர் யார்? "குளிர் இருமல்தான்மா" என்று சிரப் எழுதினேன். அப்புறம் எக்ஸ்ரே எடுத்தேன், டி.பி.க்குச் சளிப் பரிசோதனை செய்தேன். எல்லாம் நார்மல். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. எனலாப்ரில் வகை மருந்துகளுக்கு இருமல் வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். எதிரில் உட்கார்ந்து இருமியபோது அது நினைவுக்கு வரவில்லை.

மாதிரிக் கேஸைப் படித்த அன்று மாலையே அந்தச் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவுக்கு போன் போட்டேன். அம்மா இன்னும் அதே மாத்திரைதான். புது டாக்டரிடம் பேசினேன், லோசார்டானுக்கு மாற்றினார். மூன்று வாரம் கழித்து நர்ஸ் அக்கா, "சார், அந்தம்மா ராத்திரி முழுக்கத் தூங்குதாம்" என்றார்.

அந்த அம்மாவின் கேஸுக்கு நானே படிவம் நிரப்பினேன். காரணத் தொடர்பு என்ற இடத்தில் 'உறுதி' என்று டிக் போட்டேன். பயிற்சியாளர் அதை அடித்து 'பெரும்பாலும்' என்று மாற்றினார். மருந்தை நிறுத்தியதும் குறைந்தது, சரி. மறுபடி கொடுத்துப் பார்த்தீர்களா? இல்லை. (இருமலுக்காக மறுபடி கொடுக்கவும் கூடாது.) அப்படியானால் 'பெரும்பாலும்' வரைதான் போகலாம் என்றார். எனக்குத் தெரியும் என்பது வேறு, என்னால் காட்ட முடியும் என்பது வேறு. இது எனக்கு ஏற அந்த ஆறு மாதமும் தேவைப்பட்டது.

அப்பாவிடம் சொல்லுங்கள், ஸ்டெதஸ்கோப் எங்கேயும் போகாது.

சேரம்பாடி மகள்

கோத்தகிரி சார் எழுதியதைப் படித்ததும் நானும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நான் எம்.டி. பார்மகாலஜி. மூன்று வருடம் படித்துவிட்டு கிளினிகல் டிரையல் (மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி) பக்கம் வந்தேன். இப்போது மெடிக்கல் மானிட்டர், அதாவது ஆராய்ச்சியை மருத்துவ ரீதியாகக் கண்காணிப்பவர். பயிற்சியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: ஆராய்ச்சியில் சேர நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தை மருத்துவம் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டி, அவர் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதி வர வேண்டும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவையே உட்கார வைத்தேன்.

அம்மா டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சிலோனிலிருந்து வந்த குடும்பம் நாங்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தினத்தந்தி எழுத்துக்கூட்டிப் படிப்பார். படிவம் தமிழில் 17 பக்கம். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அம்மா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே கேட்டார்.

மூன்றாவது பக்கத்தில் 'மருந்துப்போலி' வந்தது. அம்மா கையை நிறுத்திவிட்டார்.

"போலி மருந்தா? போலீஸ் புடிக்காதா?"

இல்லம்மா, அது போலி மருந்து இல்லை, மருந்துப்போலி என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே? போலி டாக்டர்னா என்ன, போலி நகைன்னா என்ன?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அகராதியில் அந்தச் சொல் சரி. அம்மா காதில் அது ஏமாற்று வேலை.

அடுத்தது 'சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்'. "சீரில்லாம செய்யறதை எழுதி வேற வெச்சிருக்காங்களா?" என்றார். விளக்கினேன். யாருக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டரும் முடிவு செய்ய மாட்டார், நோயாளியும் முடிவு செய்ய மாட்டார் என்றேன். "அட, சீட்டுக் குலுக்கிப் போடறது" என்றார். நான்கு வார்த்தையில் முடித்துவிட்டார்.

கடைசியில் ஒன்று கேட்டார், அதைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "மருந்து ஒத்துக்கிட்டு ஒடம்பு தேறிடுச்சுன்னு வை. ஆராய்ச்சி முடிஞ்சதும் நிறுத்திருவாங்களா?" 2019 புதிய மருந்து விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. ஆராய்ச்சி செய்யும் டாக்டர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் ஆராய்ச்சிக்குப் பிறகும் மருந்து தரலாம். ஆனால் அந்தப் படிவத்தில் அது 14ஆம் பக்கத்தின் அடியில், ஒரு நீள வாக்கியத்தின் நடுவில் கிடந்தது.

பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஒருவர் கேட்டார், மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்கிறோமே, அதில் ஏன் இது பிடிபடவில்லை என்று. பிடிபடாது! மருந்துப்போலியைத் திருப்பினால் அழகாக பிளேஸிபோ என்றே வரும். தாள் சரியாக இருக்கும், கேட்கிற அம்மாவுக்குத்தான் தப்பாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கூட ஒரு நடுநிலைச் சாட்சி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சிலருக்கு வீடியோ பதிவும் உண்டு. இரண்டும் தேவைதான், நான் மதிக்கிறேன். ஆனால் புரியாத சொல்லுக்குத் தலையாட்டினால் வீடியோவில் அந்தத் தலையாட்டல்தான் பதிவாகும்.

இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு தமிழ்ப் படிவத்திலும் 'பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத மாத்திரை' என்று மாற்றச் சொல்லி எழுதி அனுப்புகிறேன். நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும்.

நடுவட்டத்துக்காரன்

நான் டாக்டர் இல்லை, பி.பார்ம். ஊட்டியிலேயே படித்தவன், இப்போது டேட்டா மேனேஜ்மென்ட். ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் இருந்த குயினைன் (சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்து) தொழிற்சாலையைப் பற்றித் தாத்தா காலத்துப் பேச்சாகத்தான் கேட்டிருக்கிறேன். பயிற்சியில் ஒருநாள் திரையில் எங்கள் மலை வந்தது. 1866இல் மெட்ராஸ் அரசு ஒரு சிங்கோனா கமிஷன் போட்டு, அந்தப் பட்டையில் இருக்கும் குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் நான்கையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. நான்குமே வேலை செய்கிறது என்று கண்டார்கள். குயினைன் விலை எட்டாத காலத்தில் ஏழைகளுக்கு அது எவ்வளவு பெரிய சேதி. அந்தச் சரிவுகளில் இப்போது பெரும்பாலும் தேயிலை. நான் எழுந்து நின்று "அது எங்க ஊர்" என்று சொல்லிவிட்டேன்.

லண்டனில் ஒரு ஊட்டிக்காரி

கூடலூர் தம்பிக்கு ஒரு தகவல். இங்கே பார்மாசூட்டிகல் மெடிசின் (மருந்துகளை உருவாக்கிக் கண்காணிக்கும் மருத்துவம்) 2002லிருந்து அங்கீகரிக்கப்பட்ட தனி மருத்துவத் துறை. நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே நான்கு வருட ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி. விதிமுறைகள், கிளினிகல் பார்மகாலஜி, புள்ளியியல், மருந்து உருவாக்கம், பாதுகாப்பு, சந்தை என்று எல்லாம் உண்டு. டிப்ளமோ தேர்வு 1976லிருந்தே நடக்கிறது.

சந்தைப் பகுதியைத்தான் நான் ரொம்பக் கசப்போடு கற்றேன். முன்பு நம் நாட்டில் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், டாக்டர்களுக்குக் காட்டும் ஸ்லைடு ஒன்றில் கையெழுத்துக் கேட்டார்கள். அபாயம் 'பாதியாகக் குறைகிறது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. நூறில் இரண்டு பேருக்கு வந்தது ஒருவருக்காக ஆனது என்பது எங்கேயும் இல்லை. நான் புதுசு, மேலே இருப்பவர் அவசரப்படுத்தினார், போட்டுவிட்டேன். பயிற்சியில் அதே கணக்கை வேறு மருந்தை வைத்துப் போட்டுக் காட்டியபோது அந்தக் கையெழுத்துதான் கண்ணில் நின்றது. அதன்பிறகு அடியில் இரண்டு எண்களும் இல்லாமல் எந்த ஸ்லைடிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை பதவி உயர்வு தள்ளிப்போனது. போகட்டும்.

தம்பி, வேலையில் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: நான் 'முடியாது' என்று எழுதினால் அதை யார் மாற்ற முடியும்? அதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே அந்த இடம் எப்படி என்று தெரிந்துவிடும்.

கூடலூர் எம்.பி.பி.எஸ்.

எல்லோருக்கும் நன்றி. சேரம்பாடி அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். போலி டாக்டர் வரி வந்ததும் சிரித்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில், "பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

இன்று ஓ.பி.யில் பி.பி. மாத்திரைக்கு வந்த எல்லோரிடமும் இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் பீடி பிடிப்பவர், அவருக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொருவர் பந்தலூரிலிருந்து வரும் ஒரு பாட்டி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். எனலாப்ரில், ஏழு மாதமாக. மாத்திரையை மாற்றி எழுதிவிட்டேன், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.

கோத்தகிரி சார், அந்தப் பக்கவிளைவுப் படிவம் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரிடமும் இல்லை. பக்கவிளைவுகளைச் சொல்லும் அரசு உதவி எண் 1800 180 3024க்குக் கூப்பிட்டால் போதுமா, இல்லை நானே நிரப்பி அனுப்ப வேண்டுமா? பாட்டி திரும்பி வரும்வரை காத்திருக்கவா, இப்போதே அனுப்பவா?