ஃபைனல் ஃபேன்டஸி: கதையை நம் கையில் கொடுத்தது எந்தப் பாகம்?

கடலோரன்:
ஃபைனல் ஃபேன்டஸி வீடியோ கேம் வரிசையில் ஆறு, பத்து, பதினைந்து ஆகிய பாகங்களின் கதையை முழுசாகப் பேசப் போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1994இல் வந்த ஆறாம் பாகம் அளவுக்கு இந்த வரிசையில் வேறெதுவும் கதை சொல்லவில்லை என்பது என் கட்சி. பாதிக் கதையிலேயே வில்லன் கெஃப்கா உலகத்தை அழித்துவிடுகிறான், அதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பெரிது அடுத்து வரும் அந்தச் சின்னத் தீவுதான். ஓர் ஆண்டு கழித்து, நாயகிகளில் ஒருத்தியான செலஸ் அங்கே கண் விழிக்கிறாள். துணைக்குச் சிட் என்ற கிழவர் மட்டும், அவரும் படுத்த படுக்கை. நாம்தான் கரைக்குப் போய் மீன் பிடித்து வந்து அவருக்குக் கொடுக்க வேண்டும். வேகமாக ஓடும் மீன் உடம்புக்கு நல்லது, மந்தமாக நகர்வது கெடுதல். அவர் தேறுகிறாரா இல்லையா என்று காட்ட திரையில் ஓர் எண்கூடக் கிடையாது. முதல் தடவை நான் சுலபமாகச் சிக்கிய மீனையே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை உள்ளே போனபோது அவரிடமிருந்து பதிலே வரவில்லை. அவரைக் கொன்றது கெஃப்கா இல்லை, என் சோம்பேறித்தனம். பிக்சல் பொம்மைகளை வைத்து இதைச் செய்தார்கள்.

வைகறை:
காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது. சிட் இறந்தால்தான் செலஸ் மனமுடைந்து பாறையிலிருந்து குதிக்கிறாள், பிழைத்துக் கரை ஒதுங்குகிறாள், தோழன் லாக்கின் தலைத்துணி கட்டிய பறவையைப் பார்க்கிறாள். நன்றாக மீன் பிடித்து அவரைக் காப்பாற்றியவனுக்கு இதெல்லாம் இல்லை, தெப்பம் கிடைக்கும், அவ்வளவுதான். தப்பாக ஆடியவனுக்கு மட்டும் கதையின் உச்சத்தைக் கொடுப்பது என்ன நியாயம்?

2001இல் வந்த பத்தாம் பாகத்தைப் பாருங்கள். யூனா என்ற பெண், சின் என்ற பேருயிரை அழிக்க யாத்திரை போகிறாள். வழி நெடுக நாயகன் டீடஸ், "சின்னை வென்ற பிறகு அங்கே போகலாம், இதைச் செய்யலாம்" என்று ஆசை காட்டிக்கொண்டே வருகிறான். சின்னை வெல்லும் சடங்கான இறுதி அழைப்பைச் செய்தால் யூனா இறந்துவிடுவாள் என்பது கூட வரும் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. நமக்கும் தெரியாது! அல் பெட் என்ற இன மக்களின் ஊர் எரியும்போது உண்மை உடைகிறது. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை அவன் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது முறை ஆடினால் அதே காட்சிகளில் கூட வரும் லூலுவின் மௌனம் வேறு மாதிரித் தெரிகிறது. லூக்கா நகரில் டீடஸும் யூனாவும் வலிந்து சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பைக் கேலி செய்கிறவர்கள் யூனாவின் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கடலோரன்:
அந்த மௌனத்தை நானும் கவனித்திருக்கிறேன். ஆனால் அங்கே நான் பார்வையாளன்தான். நேர் பாதையில் நடக்கிறோம், கட்சீன் (நாம் பார்க்க மட்டும் முடிகிற காட்சி) வருகிறது, மறுபடி நடக்கிறோம். ஆறாம் பாகத்தில் இரண்டாம் பாதி முழுக்க, சிதறிப்போன தோழர்களைத் தேடுவதா வேண்டாமா என்பதே நம் விருப்பம். செலஸ், எட்கர், செட்சர் மூன்று பேர் போதும், நேரே கடைசிக் கோபுரத்துக்குப் போய்விடலாம். ஒவ்வொருவரையும் தேடிப் பிடிப்பது கட்டாயமில்லை என்பதால்தான் அந்தத் தேடலுக்கு மதிப்பு.

வைகறை:
நேர் பாதை குறை இல்லை நண்பரே, அதுதான் கதையே. யாத்திரைக்குப் போனவள் திரும்பக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளாக அவளைப் போல யாத்திரை போன அழைப்பாளர்கள் எல்லாரும் அந்தத் தடத்தில்தான் போய்ச் செத்தார்கள், அவளுடைய அப்பா உட்பட. சுற்றித் திரிய விட்டிருந்தால் அந்த நெருக்கம் வந்திருக்காது.

தீப்பொறி:
இருவரும் பழைய கேம்களிலேயே நின்றுவிட்டீர்கள். 2016இல் வந்த பதினைந்தாம் பாகத்துக்காக ஒரு வார்த்தை. ஓர் இளவரசனும் மூன்று தோழர்களும் காரில் போகும் கதை அது. தோழர்களில் ஒருவனான இக்னிஸுக்குக் கண் போன பிறகு சுரங்கத்தில் ஊன்றுகோலோடு பின்னால் தடுமாறி வருவான். நாம் வழக்கம்போல ஓடினால் இன்னொரு தோழன் கிளாடியோ கடிந்துகொள்வான். அதுவரை ஓடியே பழகிய விரல் அங்கே நிதானமாகிறது. அப்புறம் மூன்றாவது தோழன் பிராம்ப்டோ எடுக்கும் புகைப்படங்கள். ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்தில் எதை வைத்துக்கொள்வது என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம். கடைசிச் சண்டைக்கு முன் ஒரே ஒரு படத்தை மட்டும் கையோடு எடுத்துப் போகலாம் என்கிறார்கள். நான் எடுத்தது நான்கு பேரும் சாலையோரம் காரோடு நிற்கும் படம். அதை முடிவில் திரையில் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

கடலோரன்:
இதை நான் ஏற்கிறேன். ஆனால் அதே கேம் இளவரசனின் ஊரான இன்சோம்னியா நகரம் வீழ்ந்ததை ஒரு தனித் திரைப்படத்தில் காட்டிவிட்டு நம்மிடம் செய்தியாகச் சொல்கிறது. இக்னிஸ் எப்படிக் கண்ணிழந்தான் என்பது ஓராண்டு கழித்து டிஎல்சியில், அதாவது பிறகு வந்த கூடுதல் பகுதியில், வருகிறது. இளவரசனுக்கு நிச்சயிக்கப்பட்ட லூனா இறக்கும்போது எனக்கு அவளைத் தெரியவே தெரியாது. என் இந்தக் குறை நியாயமானது, தீப்பொறி.

தீப்பொறி:
லூனா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அவளுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். ஆனால் நான்கு பேரின் நட்புக்கு எந்தப் படமும் டிஎல்சியும் தேவைப்படவில்லை.

வைகறை:
கடலோரன், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை ஆடியபோது சிட்டைக் காப்பாற்றினீர்களா?

கடலோரன்:
காப்பாற்றினேன். வேகமான மீன்களாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன், எழுந்து உட்கார்ந்தார். தெப்பத்தில் ஏறிக் கிளம்பும்போது பறவையை நினைத்துக்கொண்டேன், நீங்கள் சொன்ன குறை அப்போது எனக்கும் தட்டுப்பட்டது. ஆனால் அந்த ஆட்டத்தின் சேவ் ஃபைலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.