பயிற்சி முகாம் எபிசோடுகளைத் தாண்டிவிட்டுப் பார்த்தேன், எதைத் தவறவிட்டேன்?

மஞ்சள்பந்து:
ஹைக்யூ என்ற ஜப்பானிய வாலிபால் அனிமேயின் முதல் இரண்டு சீசன்களையும் பத்து நாளில் முடித்தேன். மேட்ச் என்றால் கண் கொட்டாமல் பார்த்தேன், ஆனால் இரண்டாம் சீசனில் டோக்கியோ பயிற்சி முகாம் வந்ததும் பொறுமை போய்விட்டது. நிறையத் தாண்டிவிட்டேன், யாச்சி என்ற பெண் வரும் எபிசோடுகளையும் சேர்த்துத்தான். அப்புறம் எதிரணிப் பள்ளியான அவோபா ஜோசாயோடு நடக்கும் மேட்சில் யாமகுச்சி வந்து சர்வீஸ் போட்டுத் தொடர்ந்து பாயிண்ட் எடுக்கிறான் இல்லையா, அந்தக் காட்சியில் அழுதேன் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நல்ல சர்வீஸ் என்று மட்டும்தான் தோன்றியது. போட்டிக்கும் போட்டிக்கும் நடுவில் துணைப் பாத்திரங்களுக்கு அப்படி என்னதான் நடக்கிறது? திரும்பப் போய்ப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பெஞ்சில்12:
நீங்கள் பார்த்தது அந்தக் கதையின் கடைசிப் பக்கம் மட்டும்தான். கதையின் மையமான காரசுனோ பள்ளி அணியில் முதல் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர். நாயகன் ஹினாட்டா, ககேயாமா, சுகிஷிமா மூவரும் ஆடும் அறுவரில் இருக்கிறார்கள், யாமகுச்சி ஒருவன்தான் வெளியே நிற்கிறான். இதை யாரும் அவனிடம் சொல்லிக் காட்டுவதில்லை, அவனுக்கே தெரியும். அதனால்தான் பழைய மாணவரான ஷிமாதாவிடம் தானே போய் ஜம்ப் ஃப்ளோட் சர்வீஸ் கற்றுத் தரச் சொல்லிக் கேட்கிறான். அந்த சர்வீஸில் பந்து சுழலவே கூடாது. சுழலாத பந்து காற்றில் தள்ளாடும், எந்தப் பக்கம் இறங்கும் என்று எடுப்பவருக்குத் தெரியாது. உள்ளங்கை ஒரு நொடி தப்பாகப் பட்டாலும் பந்து சுழன்றுவிடும், அப்புறம் அது சாதாரண சர்வீஸ்தான். பயந்த கையால் போடவே முடியாத சர்வீஸ் அது, அதைப் போய் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் பயப்படுகிறவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சீசனில் இதே அவோபா ஜோசாயோடு தோற்ற மேட்சில் அவனை இறக்கினார்கள், பந்து வலையில் பட்டது, அவ்வளவுதான், திரும்பப் பெஞ்சுக்கு. இரண்டாம் சீசனில் வகுதானி மினாமி என்ற பள்ளியோடு நடக்கும் மேட்சில் மறுபடி வாய்ப்பு வருகிறது. இந்த முறை அவன் பயந்துபோய், தவறு வராத எளிய சர்வீஸைப் போட்டுவிடுகிறான். வெளியே வந்து பயிற்சியாளர் உகாயிடம் இன்னொரு முறை இறக்கச் சொல்லிக் கேட்கிறானே, அந்த முகத்தைப் பாருங்கள். வலையில் அடித்தபோது கூட அவ்வளவு வெட்கம் இல்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் கடைசி சர்வீஸைப் பார்த்தால், அவன் பந்தைத் தூக்கிப் போடும்போதே நமக்கு வயிறு கலங்கும்.

நிலாவட்டம்:
யாமகுச்சி பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. நீங்கள் தாண்டியதில் என்னைக் கேட்டால் பெரிய இழப்பு முகாமில் அந்த ஒரு இரவுதான். எல்லாரும் கூடுதல் பயிற்சிக்குப் போகிறார்கள், சுகிஷிமா மட்டும் அறைக்குத் திரும்புகிறான். அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணன் அகிதேரு காரசுனோவின் நட்சத்திர ஆட்டக்காரன் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தான், மேட்ச் பார்க்கப் போனால் அண்ணன் பார்வையாளர் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து இவன் எதிலும் முழு மனதை வைப்பதில்லை. வெறும் கிளப்புக்காக ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அவன் கேள்வி. அன்று இரவு யாமகுச்சி, எப்போதும் அவன் பின்னாலேயே நடந்த யாமகுச்சி, சட்டையைப் பிடித்துத் தன்மானத்தைத் தவிர வேறென்ன வேண்டும் என்று கத்துகிறான். சுகிஷிமாவுக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை, ஆனாலும் நேரே மூன்றாவது ஜிம்முக்குப் போய் வேறு பள்ளிகளின் கேப்டன்களான குரோவிடமும் பொகுடோவிடமும் அதே கேள்வியைக் கேட்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அவனை மாற்றுவது ஹினாட்டா இல்லை, பெஞ்சில் இருக்கும் நண்பனும் எதிரணி ஆட்களும். நாயகன் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் சீசன் பார்க்கவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தவிர்த்துவிடுங்கள். 2016-இல் வந்த அந்தப் பத்து எபிசோடும் ஷிராடோரிசாவா பள்ளியோடு ஒரே மேட்ச்தான். இரண்டாவது செட்டின் முடிவில் அந்த அணியின் உஷிஜிமா ஓங்கி அடித்த ஸ்பைக்கை சுகிஷிமா வலையருகே பிளாக் செய்துவிட்டு, இத்தனை நாள் வாய் திறந்து கத்தாதவன், முஷ்டியை இறுக்கிக் கத்துகிறான். மூன்றாவது ஜிம்மில் அவனிடம் பொகுடோ சொன்ன பதில் தெரியாவிட்டால் அது வெறும் ஒரு பாயிண்ட்.

சங்கிலிச்சத்தம்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முகாம் வைத்தால் மட்டும் பாத்திரம் வளர்ந்துவிடாது. குரோகோ நோ பாஸ்கெட் என்ற கூடைப்பந்து அனிமே எனக்குப் பிடித்த தொடர்தான், ஆனால் அங்கே இடைவெளியில் பெரும்பாலும் புது உத்திதான் கிடைக்கிறது. மனதைச் சொல்ல வேண்டிய பாரம் பழைய கதை மேல் விழுகிறது, குரோகோவின் நடுநிலைப் பள்ளி நாட்கள் முழுவதும் இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவில்தான் வருகின்றன. அதுவும் அருமைதான், ஆனால் அது முக்கியமானவர்களின் கதை. குரோகோவின் அணியில் பேசவே பேசாத மிதோபே, அவன் சொல்ல வந்ததை எடுத்துச் சொல்லும் கொகானேய், இந்த இருவருக்கும் கடைசி வரை அந்த ஒரு குணம்தான். ஒரு முழு எபிசோடு கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

யாச்சி எபிசோடுகளை மட்டும் கட்டாயம் பாருங்கள். டோக்கியோ பயணத்துக்கு நன்கொடை கேட்டு ஒரு போஸ்டர் செய்கிறாள், தன்னைக் கதையில் ஓரமாக வந்துபோகும் கிராமத்து ஆள் என்று நினைப்பவள். துணைப் பாத்திரத்தின் வாயாலேயே துணைப் பாத்திரமாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டுவிடுகிறார்கள்.

பூங்கொத்து:
ஹஜிமே நோ இப்போ என்ற குத்துச்சண்டை அனிமேயின் கிமுராவைச் சொல்லாமல் விட முடியாது. நாயகன் இப்போவின் ஜிம்மில் இருப்பவன், மற்ற நேரத்தில் பெற்றோரின் பூக்கடையில் வேலை, நெடுநாள் சிரிப்புக்காகவே வந்துபோகிறவன். மாஷிபாவோடு பட்டப் போட்டி முடிவானதும், ஒரு மீன் இரையைப் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து அதிலிருந்து ஒரு குத்தைக் கண்டுபிடிக்கிறான். 2003-இல் இதைத் தனிப் படமாகவே எடுத்தார்கள். அவன் தோற்கிறான். தோற்ற அந்த மேட்ச்தான் எனக்கு அந்தத் தொடரிலேயே முதல் இடம், இப்போ ஜெயித்த பல மேட்சுகளை விட.

மஞ்சள்பந்து:
எல்லாருக்கும் நன்றி. நேற்று முகாம் இரவை மட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்து, யாச்சி அம்மாவைப் பார்த்துக் கத்தும் இடத்திலிருந்தே தொடங்கிவிட்டேன். யாமகுச்சி சட்டையைப் பிடித்த இடத்தில் நிறுத்தி மூன்று முறை பார்த்தேன். இன்று வகுதானி மினாமி மேட்ச். அவோபா ஜோசாய் வரும்வரை இனி ஒன்றையும் தாண்டப் போவதில்லை, பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.