புதுப்பிப்பு: தோம்ஸ்க் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் முடிந்தது

ரஷ்யாவின் சைபீரியப் பகுதியிலுள்ள தோம்ஸ்க் நகரில் நேராகப் பட்டப்படிப்பில் சேரலாமா, ஓராண்டு ரஷ்ய மொழி ஆயத்த வகுப்பை முடித்துவிட்டுச் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மொழிதான் முதலில் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த ஆண்டு இல்லாவிட்டால் இந்தத் தேர்வுகளைத் தாண்டியிருக்க மாட்டேன்.

இங்கே நிறையத் தேர்வுகள் வாய்மொழியாகத்தான். மேசையில் கவிழ்த்து வைத்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுக்கிறோம். கொஞ்ச நேரம் குறிப்பெழுதிவிட்டுப் பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறோம். நடுவில் அவர் "ஏன்?" என்பார். உண்மையான தேர்வே அந்த "ஏன்"தான். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. 5 மிகச் சிறப்பு, 2 தோல்வி. எனக்கு 4. ஸச்சோத்கா என்கிற மதிப்பெண் புத்தகத்தில் அவர் கையெழுத்திட்ட பக்கத்தை அன்று எத்தனை முறை திறந்து பார்த்தேனோ!

1878இல் நிறுவப்பட்ட எங்கள் பல்கலைக்கழகம்தான் சைபீரியாவின் முதல் பல்கலைக்கழகம். 2010இல் தேசிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நூலகத்தில் ஸ்த்ரோகனவ் என்ற ரஷ்யப் பிரபுக் குடும்பத்தின் பழைய நூல்தொகுப்பு இருக்கிறது. வெளியே பனி கொட்ட, தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்துக்குள் பனைமரங்கள்!

அப்புறம், வரப்போகிறவர்களுக்கு ஒன்று: நாட்டுக்குள் நுழையும்போது தரும் குடியேற்ற அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தங்குமிடப் பதிவுக்கு அதைத்தான் கேட்பார்கள்.