டைனிங் டேபிள்: தேக்கு வெனீரா, ரப்பர் மரமா? 25,000-க்குள் எது தேறும்?

கீழ்த்தள வாடகை (கேள்வி)

வேளச்சேரியில் வாடகை வீடு, கீழ்த்தளம். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு டைனிங் டேபிள் வேண்டும். கையில் 25,000 இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் சமாளிக்கலாம்.

ஒரு ஷோரூமில் "தேக்கு" என்று அட்டை வைத்த டேபிள், நாலு நாற்காலியோடு 19,000. விசாரித்தால் "மேலே ஒரிஜினல் தேக்கு வெனீர் சார், உள்ளே இன்ஜினியர்டு வுட்" என்கிறார்கள். அதே தெருவில் இன்னொரு கடையில் முழுக்க ரப்பர் மரம், நாற்காலி சேர்த்து 24,000. அதன் மேல்பலகை குட்டிக் குட்டித் துண்டுகளை ஒட்டிச் செய்தது. கழிவு மரமோ என்று சந்தேகமாக இருக்கிறது. எங்கள் ஏரியா ஆசாரி நாட்டுத்தேக்கில் செய்து தர 45,000 கேட்கிறார். அது எட்டாது.

அப்பாவோ "வெனீர் என்றாலே ஏமாற்று, மரமாகவே வாங்கு" என்கிறார். மழைக்காலத்தில் எங்கள் கதவுகூட இறுகிக்கொள்ளும், அவ்வளவு ஈரம். இரண்டு மூன்று வருஷத்தில் வீடு மாறவும் வேண்டிவரும். எதை எடுப்பது?

பர்மா கட்டில்

அப்பா சொல்வதுதான் சரி. தாத்தா கல்யாணத்துக்குச் செய்த தேக்குக் கட்டில் எங்கள் வீட்டில் இன்னும் ஆடாமல் நிற்கிறது. காசு சேர்த்து ஆசாரியிடமே கொடுங்கள். அதுவரை தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், உடம்புக்கும் நல்லது.

உப்புத்தாள்

தாத்தா காலத்துத் தேக்கையும் இப்போது குறைந்த விலைக்கு வருவதையும் ஒன்றாகப் பேசாதீர்கள் சார். தேக்கின் பலமெல்லாம் வைரத்தில்தான், அதாவது நடுவில் முற்றிய பாகத்தில். இளசாக வெட்டிய மரத்தில் வைரம் குறைவு, ஓரத்து வெள்ளை அதிகம். வண்டு துளைப்பது அந்த வெள்ளையைத்தான். மேலே ஸ்டெயின் அடித்துவிட்டால் வெள்ளை எது, வைரம் எது என்று யாருக்கும் தெரியாது. "முழு மரம்" என்பது மட்டும் ஒரு உத்தரவாதம் கிடையாது.

வெனீரும் ஏமாற்று இல்லை. அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிய அசல் மரம் அது. டேபிளின் மேல்பாகம் மாதிரி அகலமான பலகைக்கு, நல்ல ப்ளைவுட்டில் ஒட்டிய வெனீர் சுமாரான முழுமரத்தைவிட ஒழுங்காக நிற்கும். முழுமரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மூன்றடி அகலத் தேக்குப் பலகையே பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் நகரும். உங்கள் கதவு இறுகுவதும் இதனால்தான். ப்ளைவுட்டில் ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

ஆக, வெனீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். "இன்ஜினியர்டு வுட்" என்று ப்ளைவுட்டையும் சொல்லலாம், மரநாரை அழுத்தி ஒட்டிய எம்டிஎஃப்பையும் சொல்லலாம், பார்ட்டிகிள் போர்டையும் சொல்லலாம். மூன்றும் தண்ணீர் பட்டால் நடந்துகொள்ளும் விதமே வேறு. மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு டேபிளுக்கு அடியில் போங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று பார்க்காதீர்கள். திருகுத் துளையிலோ வெட்டிய ஓரத்திலோ அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். ஒரே சீரான பழுப்பு என்றால் எம்டிஎஃப். சிராய்கள் ஒட்டிக்கிடந்தால் பார்ட்டிகிள் போர்டு. மேலே இருப்பது வெனீர்தானா என்பதையும் விளிம்பில் பாருங்கள். மெல்லிய கருப்பு அல்லது பழுப்புக் கோடு ஓடினால் அநேகமாக அது மைக்கா. மைக்காவில் தெரியும் மரக்கோடு காகிதத்தில் அச்சடித்தது.

மார்த்தாண்டத்தான்

ரப்பர் மரம் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்கு, அதனால் சொல்கிறேன். பால் குறைந்துபோன மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டிவிட்டுப் புதிதாக நடுவார்கள். அந்தத் தடிதான் பலகையாகிறது. துண்டுகளை ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கழிவு என்று நினைக்க வேண்டாம் அண்ணா. இந்த மரத்தில் நீளமான, குறையில்லாத பலகை கிடைப்பது கஷ்டம். அதனால் முனைகளில் பல் வெட்டி, கோத்து ஒட்டுகிறார்கள். துண்டுகள் வெவ்வேறு திசையில் இழுப்பதால் பலகை கோணுவதும் குறைவு.

பயப்பட வேண்டியது வேறு. இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் உளுத்துப்போகும், நீலம் பாரிக்கும். நாற்காலிப் பலகையின் அடியில் குண்டூசித் தலை அளவுத் துளையோ மாவு மாதிரி தூளோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மருந்து ஏற்றியதுதான் என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதித் தரட்டும். ஒன்று, பால்கனியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மழைச்சாரலை அது தாங்காது.

மேல்வீட்டுக்காரி

வீடு மாறுவேன் என்று சொல்கிறீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. எங்களிடம் எம்டிஎஃப்பில் வெனீர் ஒட்டிய டேபிள் இருந்தது. முதல் வீட்டில் அழகாகத்தான் இருந்தது. வண்டியில் ஏற்றக் காலைக் கழற்றி, புது வீட்டில் மாட்டினால் திருகு பிடிக்கவில்லை, துளை பெரிதாகிவிட்டது. பசை ஊற்றி மாட்டினோம், அடுத்த முறை அதுவும் போயிற்று. தண்ணீர்க் கேன் வைத்த மூலை தனியாக உப்பிக்கொண்டது. உப்பிய எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது.

பர்மா கட்டில்

உப்புத்தாள், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. பத்து வருஷம் கழித்து அந்த வெனீரை இழைத்துப் புதிதாக்க முடியுமா?

உப்புத்தாள்

முடியாது. கையால் லேசாக ஒரு தரம் தேய்த்து மறுபாலிஷ் போடலாம், அவ்வளவுதான். மெஷினை வைத்தால் அடிப்பலகை எட்டிப் பார்க்கும். கீறல் விழுந்தால் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்துவதில் முழுமரத்தை அடிக்க முடியாது. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதே சரி.

கீழ்த்தள வாடகை

டார்ச்சோடு போய் வந்தேன். ஷோரூம் டேபிளின் அடியில் ஒரே சீரான பழுப்பு, எம்டிஎஃப்தான். கால்கள் அந்தப் பலகையிலேயே சின்னத் திருகுகளில் நிற்கின்றன. அதைக் கைவிட்டேன்.

ரப்பர் மரத்தில் துளையோ தூளோ இல்லை. பில்லில் எழுதக் கேட்டதும் முதலில் இழுத்தார், அப்புறம் "ரப்பர் வுட், ட்ரீட்டட், 1 வருட வாரண்டி" என்று எழுதச் சம்மதித்தார். ஆனால் மேல்பலகையின் அடிப்பக்கம் பாலிஷே இல்லாமல் வெறும் மரமாக இருக்கிறது. இது பரவாயில்லையா?

ஆசாரி இன்னொரு வழி சொன்னார்: காலும் சட்டமும் தேக்கு, மேலே ப்ளைவுட்டில் தேக்கு வெனீர், சுற்றிலும் விளிம்புக்குத் தேக்கு ரீப்பர் (மெல்லிய பட்டை). டேபிள் மட்டும் 27,000.

உப்புத்தாள்

ஆசாரி சொன்னது நல்ல முறை. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன், ப்ளைவுட்டில் ஐ.எஸ். 303, பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆனால் நாற்காலிக்கு எங்கே போவீர்கள்? உங்கள் கணக்குக்கு ரப்பர் மரமே போதும்.

அடிப்பக்கம் வெறுமையாக இருப்பதை மட்டும் விடாதீர்கள். மேலே பாலிஷ், கீழே ஒன்றுமில்லை என்றால் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை வளையும். கீழேயும் நுண்துளையை அடைக்கும் சீலரும் அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷும் அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அது பெரிய செலவில்லை, பில் போடும் முன் கேட்டால் செய்வார், பிறகு கேட்டால் மாட்டார். மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகுத் துளை வட்டமாக இல்லாமல் நீள்துளையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகை விரிய இடம் வேண்டும்.

நாற்காலியைச் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். காலில் துளை குடைந்து கட்டையைச் செருகி ஒட்டியிருந்தால் நல்லது. வெறும் திருகில் நிற்கும் நாற்காலி சீக்கிரம் கிரீச்சிட ஆரம்பிக்கும்.

கீழ்த்தள வாடகை

24,000-க்கே அடிப்பக்கப் பாலிஷும் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டார். முன்பணம் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை வருகிறது. நீள்துளை இருக்கிறது. அப்பாவிடம் "முழு மரம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், மற்றதை அவர் கேட்கவில்லை.

மார்த்தாண்டத்தான்

நல்லது அண்ணா. டேபிளைக் கவிழ்த்துப் பாலிஷ் போடும்போதே நாலு காலின் அடிமுனையிலும் இரண்டு கோட் தடவச் சொல்லுங்கள், நாற்காலிக் காலுக்கும்தான். அந்த வெட்டுமுகம்தான் வீடு துடைக்கிற தண்ணீரை உறிஞ்சும். அது காய்ந்த பிறகு காலடியில் நைலான் புஷ் (மரம் தரையில் படாமல் தாங்கும் குமிழ்) அடிக்கட்டும்.