பொருள்: சீஃப் மெடிக்கல் ஆபீசருக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழுக்கு ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து பயோஎன்டெக் நிறுவனத்தைப் பற்றி. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 2020இல் கொரோனா தடுப்பூசி வந்தபோது அங்கே சீஃப் மெடிக்கல் ஆபீசராக இருந்தவர் ஓஸ்லெம் துரெஜி, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘தலைமை மருத்துவர்’ என்று போட்டுவிட்டு, எட்டாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். “அந்தக் கம்பெனிக்குள்ள ஆஸ்பத்திரி இருக்காக்கா?” என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்தச் சொல்லை வைக்க மனசு வரவில்லை. கூடவே சயின்டிஃபிக் அட்வைசரி போர்டும் வருகிறது, நிறுவனத்துக்கு யோசனை சொல்லும் விஞ்ஞானிகளின் குழு. கை கொடுங்கள்.
(சென்னை)

*

அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் மருந்து ஆய்வு வேலையில் இருப்பவன். இந்தப் பதவியில் இருப்பவர் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. புது மருந்தை எந்த நோய்க்கு, எத்தனை பேரிடம், எந்த அளவில் சோதிப்பது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர் தலையில்தான் விடியும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வில் சேர்ந்தவருக்குப் பெரிய பாதிப்பு வந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், நிறுவனம் அதை அலசி 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்படி ஒரு தாள் வந்தது. ஊசி போட்ட மூன்றாம் நாள், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு. அங்கே இந்தப் பதவியில் இருந்த எங்கள் மேடம் அந்த இரண்டு பக்கத்தைப் பேனாவை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். முந்தின நாள் அந்த ஆள் பல்வலிக்கு ஏதோ மாத்திரை போட்டிருந்தது மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. பட்டும்கூட, காரணம் தெளிவாகும்வரை அடுத்த ஊசி யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் சொல்லுக்குள் ‘பொறுப்பு’ இருக்கட்டும்: தலைமை மருத்துவப் பொறுப்பாளர்.

இன்னொன்று. அறிவியல் ஆலோசகர்களையும், ஆய்வின் முடிவுகளை நடுவில் பார்க்கும் தரவுக் கண்காணிப்புக் குழுவையும் ஒன்றாக்கிவிடாதீர்கள் அக்கா. பின்னது நிறுவனத்துக்குக் கட்டுப்படாதது. ஃபைசரும் பயோஎன்டெக்கும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 43,538 பேர் சேர்ந்திருந்தார்கள், அதில் நோய் கண்ட 94 பேரில் யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வெறும் உப்புநீர் என்று 2020 நவம்பர் 8 அன்று பார்த்துச் சொன்னது அந்த வெளிக்குழுதான்.
(ஐதராபாத்)

*

பொறுப்பாளர் என்றதும் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் ஞாபகம்தான் வருகிறது தம்பி. சரி, அது போகட்டும். ‘ஆலோசனை’ எதற்கு என்பதுதான் என் கேள்வி. ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன் சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்’ என்று 445ஆம் குறளில் சொல் ஆயத்தமாகவே கிடக்கிறது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து பார்ப்பது சூழ்தல், அப்படிப் பார்த்துச் சொல்பவர் சூழ்வார். 671இல் ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறார். அங்கே சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுவது, சதி அல்ல. அதைச் சதியாக்கி வைத்தது பின்னால் வந்த நாம். போர்டுக்கு ‘வாரியம்’ இருக்கிறது, முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வரிசையாக வருகிறது. ஆகவே அறிவியல் சூழ்வோர் வாரியம்.
(தஞ்சாவூர்)

*

ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு பிடித்தது. ஆனால் பிள்ளைகள் அதை விஞ்ஞானிகள் கூடிச் சூழ்ச்சி செய்கிற இடம் என்றுதான் படிப்பார்கள். தடுப்பூசியைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றிய வதந்திகளை எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் மறுத்தவள் நான். அந்தச் சொல்லை என் கையால் அச்சுக்குக் கொடுக்க முடியாது.
(சென்னை)

*

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ஜெர்மனியில். இங்கத்தைய அமைப்பைச் சொன்னால் உதவும். ஒரு நிறுவனத்தில் ஃபோர்ஷ்டாண்ட் என்றொரு சபை, முடிவெடுத்து நடத்துவது அது. அதை நியமித்து மேற்பார்வை பார்ப்பது அவுஃப்சிஷ்ட்ஸ்ராட். துரெஜி அம்மையார் இருந்தது முதலாவதில். அறிவியல் ஆலோசகர்களின் அவைக்கு இங்கே பைராட் என்று பெயர். ‘பை’ என்றால் பக்கத்தில், ‘ராட்’ என்றால் ஆலோசனை. பக்கத்தில் இருந்து சொல்வார்கள், ஆணை போட மாட்டார்கள். ஏரி வாரியம் ஏரியைப் பார்த்துக்கொண்ட வாரியம் அல்லவா ஐயா, அதிகாரம் உள்ளது. ஆகவே வாரியம் இங்கே பொருந்தாது. எங்கட பக்கம் மதியுரைஞர் என்ற சொல் நல்லாப் பழகின சொல். அறிவியல் மதியுரைக் குழு என்று வையுங்கோ.
(டோர்ட்முண்ட்)

*

மதி வடசொல். அதற்கு ஆலோசனையே இருந்துவிட்டுப் போகலாமே, எல்லோருக்கும் புரியவாவது புரியும். ‘அறிவுரைக் கழகம்’ என்றும் போட்டுவிடாதீர்கள். குண்டர் சட்டத்தில் கைதானவர்களை நிறுத்துகிற இடத்துக்குச் செய்தித்தாள்கள் அந்தப் பெயரைத்தான் எழுதுகின்றன.
(கோவை)

*

மதி வடசொல் என்று யார் சொன்னது? மதித்தல், மதிப்பு, மதிப்பீடு எல்லாம் அளத்தல் பொருளில் வருபவை. நிலாவும் மதிதான், மாதத்தை அளப்பதால். வடமொழியில் இருக்கும் மதி வேறு, இது வேறு. இதற்கு நான் தனி மடலே எழுதுகிறேன். ஆனால் வாரியம் குறித்து டோர்ட்முண்ட் தம்பி சொன்னது நியாயம், அதை விட்டுவிடுகிறேன். சூழ்வோரை விட மாட்டேன். ‘இடிக்குந் துணையாரை’ என்கிறது 447. இடித்துச் சொல்கிறவர்தான் ஆலோசகர். 1978இல் பயோஜென் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் வால்டர் கில்பர்ட், ஃபிலிப் ஷார்ப் இருவரும் பின்னால் நோபல் பெற்றார்கள். அந்தத் தகுதி உள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது நடக்காது’ என்று சொல்வதற்கும், ஓட்டலில் மெனுவைப் பார்த்து ஆலோசிப்பதற்கும் ஒரே சொல்லா?
(தஞ்சாவூர்)

*

மணி பதினொன்று. ‘தலைமை மருத்துவப் பொறுப்பாளர்’, ‘அறிவியல் ஆலோசனைக் குழு’ என்று அனுப்பிவிட்டேன். முதல் சொல்லுக்கு ஆறு பேர் சரி என்றீர்கள், இரண்டாவதற்கு நான்கு பேர். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மறுபடி காட்டினேன். “அப்ப ஏதாவது ஆச்சுன்னா அவங்களத்தான் கேக்கணுமா?” என்றாள். ஆமாம் என்றேன்.
(சென்னை)

*

முதல் சொல்லை ஏற்கிறேன். இரண்டாவதற்கு என் பெயரை மறுத்தவர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் அம்மா. மதி பற்றிய மடல் நாளைக் காலை வரும்.
(தஞ்சாவூர்)