‘பஃபர் சோன்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பாளையங்கோட்டை ஆசிரியை:
வணக்கம். கங்கைகொண்டான் பக்கத்துக் கிராமங்களில் கொடுக்க ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நகரை ஒட்டிக் கனரகத் தொழில் வரும்போது நிலப்பயன்பாட்டை எப்படிப் பிரிப்பது என்பதுதான் விஷயம். ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே வீடு கட்ட விடாமல் வைக்கும் நிலம் ‘பஃபர் சோன்’. இதற்கு என்ன எழுத? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மதுரை:
பிளஸ் டூ வேதியியலில் ‘பஃபர் சொல்யூஷன்’ஐத் ‘தாங்கல் கரைசல்’ என்றுதானே படிக்கிறார்கள் டீச்சர். ‘தாங்கல் மண்டலம்’ என்று போட்டுவிடுங்கள்.

நாங்குநேரி:
அண்ணாச்சி, நம்ம பக்கம் தாங்கல் என்றால் அய்யாவழிக்காரர்களின் நிழல் தாங்கல். வேடந்தாங்கல் பக்கம் போனால் ஏரி. கையேட்டைப் பிரிக்கிறவர் கும்பிடுகிற இடத்தை எடுக்கப் போகிறார்கள் என்று பதறினால் யார் பதில் சொல்வது? கணினிக்காரர்கள் பஃபருக்குச் சொல்லும் ‘இடையகம்’ஆவது பரவாயில்லை என்று பார்த்தால், அதில் அகம், அதாவது வீடு, வருகிறது. இங்கே அகம்தான் இருக்கக் கூடாது.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முன்னோர் பெயர் வைத்துவிட்டே போயிருக்கிறார்கள். மிளை. கோட்டையைச் சுற்றி வளர்த்த காவற்காடு. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் காவல்களை அடுக்கும்போது மிளைதான் முதலில் வருகிறது, அப்புறம்தான் கிடங்கு என்கிற அகழி. குறள் 742இலும் நீர், நிலம், மலையோடு காடும் அரணாகிறது. நெருங்குதல் என்னும் மிடை, மிளை ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். முளையோடும் உறவு இருக்கக்கூடும், இதைத் தனியாக எழுதுகிறேன். ‘கனரகம்’ வேண்டாம், கனம் வடசொல். ‘பெருந்தொழில்’ போதும்.

திருநெல்வேலி டவுன், ஊரமைப்பு வேலை பார்த்தவர்:
ஐயா, பெருந்தொழில் என்றால் ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்யும் மென்பொருள் பூங்காவும் பெருந்தொழில்தான். அதன் பக்கத்தில் வீடு கட்ட யாருக்கும் பயமில்லை. புகை, தூசி, அதிர்வு, லாரி இதெல்லாம் வருவதைத்தான் கனரகம் என்கிறோம், அதில் கை வைக்காதீர்கள்.

மிளையில் எனக்கு ஒரே சங்கடம், அது கோட்டையை வெளியாளிடமிருந்து காப்பது. இங்கே ‘கோட்டை’யிடமிருந்து வெளியில் இருப்பவர்களைக் காக்க வேண்டியிருக்கிறது. மிளை என்றால் ஆலைக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடும்.

‘வளையம்’ என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன். இது சுற்றிலும் ஒரே அகலத்தில் வராது. நம்ம ஊரில் ஆடிக்காற்று மேற்கே மலையிலிருந்து இறங்கி அடிக்கிறது, தூசி கிழக்கே போகும். அதனால் கிழக்கில் அகலமாகவும் மேற்கில் குறைவாகவும் விட வேண்டும். பசுமை வளையம் என்பது வேறு, ஆலை தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு பகுதி இடத்தில் மரம் வைக்க வேண்டும் என்கிற நிபந்தனை அது. நாம் பேசுவது மதிலுக்கு வெளியே, ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குறிக்க வேண்டிய நிலம். தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை வந்தபோது ஊர் தள்ளி இருந்தது, இன்றைக்கு வீடுகள் எதுவரை வந்திருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். குறிக்காத நிலம் காலியாக நிற்காது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கை இரண்டும் உண்டு. அந்த 30 நாளில் ஒரு வாழை விவசாயி வாசித்து, ‘என் தோட்டம் அதற்குள் வருதா?’ என்று கேட்க வேண்டும். அவருக்கு அகராதி தேவைப்படாத சொல்தான் நமக்கு வேண்டும். ‘இடைக்காப்பு நிலம்’ எப்படி?

மதுரை:
சரி, எனக்குச் சம்மதம்.

நாங்குநேரி:
எனக்கும். ‘மண்டலம்’ போய் ‘நிலம்’ வந்தது நல்லது, பட்டா கையில் இருப்பவருக்கு உறைக்கும்.

தென்காசி:
புரியாது என்று ஒதுக்கினால் எந்தச் சொல் எப்போது புழங்கும்? ‘பேருந்து’ம் ஒரு நாள் யாருக்கும் புரியாத சொல்தான். என் வாக்கு மிளைக்கே. காப்பது யாரை என்பதைக் கையேட்டில் ஒரு வரியில் விளக்கலாமே.

பாளையங்கோட்டை ஆசிரியை:
நன்றி ஐயா. மூன்று பேர் ஒத்துக்கொண்டதால் ‘இடைக்காப்பு நிலம்’ என்றே கொடுக்கிறேன், முதல் தடவை வரும் இடத்தில் பக்கத்தில் ‘பஃபர் சோன்’ என்றும் போடுகிறேன்.

நாங்குநேரி:
டீச்சர், இப்போதுதான் தோன்றுகிறது. கோர்ட்டில் ‘இடைக்காலத் தடை’ கேட்டுப் பழகினவர்கள் இதை இடைக்காலக் காப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா, கொஞ்ச வருஷம் கழித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று?